இரண்டு நிமிஷக் குற்றவாளி

பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் அக்காவிடமிருந்து போன்.

"டேய், உன் மருமகனுக்கு வேலை கிடைச்சிருச்சு."

"சந்தோஷம்க்கா. எங்க?"

"பேரையூர்ல."

தூக்கிவாரிப் போட்டது. நான் பிறந்து வளர்ந்து, இன்னமும் காலையில் பஸ் பிடித்துத் திருமங்கலத்து ஆபீசுக்குப் போய் வந்துகொண்டிருக்கிற பேரையூரில், டிசைன் காலேஜில் படிக்கிற பையனுக்கு என்ன வேலை?

"முழு வேலை இல்லடா. இன்டர்ன்ஷிப்பாம். நல்லாச் செஞ்சா அப்புறம் வேலையே குடுப்பாங்களாம். பிள்ளைக போன்ல பாடம் படிக்குதுல்ல, அந்தக் கம்பெனி. ரெண்டு வாரம் அங்க தங்கி, பிள்ளைக எப்படிப் படிக்குதுன்னு பாக்கணுமாம்."

"பாத்து?"

"பாத்து எழுதணுமாம்."

"பாடம் சொல்லிக் குடுக்கணுமா?"

"வாயையே தொறக்கக் கூடாதாம்."

"இதுக்குச் சம்பளமா?"

"மாசம் இருபத்தஞ்சாயிரம்."

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்காமல் வேடிக்கை பார்ப்பதில் எனக்கு 28 வருஷ சர்வீஸ் இருக்கிறது. இதை ஒரு தனித் திறமை என்று இதுவரை எந்த மேலதிகாரியும் குறிப்பு எழுதியதில்லை.

பையனைக் கூப்பிடத் திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். முதுகில் ஒரு பை, நெஞ்சில் ஒரு பை, கழுத்தில் 'யூசர் ரிசர்ச் அண்ட் டிசைன் இன்டர்ன்' என்று தாலி மாதிரி ஓர் அட்டை. பஸ் வர நேரமாகும் என்றதும் எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையைக் காட்டி ஒரு கதை சொன்னான்.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனி ஒரு புது மெஷின் கொண்டுவந்ததாம். 'பட்டனை அமுக்கினால் போதும்' ரகம். வாங்கினவர்கள் எல்லாம் புலம்பல். கம்பெனியில் இருந்த லூசி சச்மன் என்ற பெண், மானிடவியல் படித்தவர், என்ன செய்தார் என்றால் மெஷினுக்கு முன்னால் இரண்டு பேரை நிறுத்தி, பேப்பரில் இரு பக்கமும் காப்பி எடுக்கச் சொல்லிவிட்டு, சும்மா வீடியோ எடுத்தார். அந்த இரண்டு பேரும் திண்டாடித் தெருவில் நின்றார்கள்.

"படிக்காதவங்களா மாப்ள?"

"ஒருத்தர் ரொனால்ட் கப்லான், பெரிய கம்ப்யூட்டர் மொழி ஆராய்ச்சியாளர். இன்னொருத்தர் ஆலன் நெவல், 1975-ல டூரிங் விருது வாங்கினவர். கம்ப்யூட்டர்ல அதுக்கு மேல விருது இல்ல மாமா."

எனக்கு மனசு லேசானது. எங்கள் ஆபீஸ் ஜெராக்ஸ் மெஷினில் நான் இரு பக்கக் காப்பி எடுக்கப் போய், 16 பக்கமும் தலைகீழாக வந்து, அலுவலக உதவியாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை அவனிடம் சொல்லவில்லை.

"இதுல இருந்துதான் மாமா எங்க தொழிலுக்கே மரியாதை வந்துச்சு. தப்பு ஆளு மேல இல்ல, மெஷின் மேலன்னு காட்டினாங்க. 1987-ல புத்தகமா எழுதினாங்க."

இளசுகள் தங்கள் தொழிலே முந்தாநாள்தான் பிறந்தது என்று நினைத்துக்கொள்வதை என்னால் பொறுக்க முடியாது. பஸ் டி.கல்லுப்பட்டியைத் தொட்டதும் என் முறை வந்தது.

"இங்க காந்தி நிகேதன் ஆசிரமம் இருக்கு, 1940-ல ஆரம்பிச்சது. ஜே.சி.குமரப்பா தன்னோட கடைசிக் காலத்துல இங்கதான் இருந்தாரு. தெரியுமா?"

"பேரு கேட்ட மாதிரி இருக்கு மாமா."

"தஞ்சாவூர்ல பிறந்து, லண்டன்ல ஆடிட்டருக்குப் படிச்சு, கொலம்பியா யுனிவர்சிட்டில பொருளாதாரம் படிச்சவரு. 1929-ல காந்தியைப் பாக்கப் போனாரு. காந்தி என்ன பண்ணாரு தெரியுமா? குஜராத்துல மாதர்னு ஒரு தாலுகா, அங்க போய்ச் சனங்க எப்படிப் பொழைக்குதுன்னு பாத்து எழுதுன்னு அனுப்பிட்டாரு. கூட வித்யாபீடத்து மாணவர்கள். வீடு வீடாப் போயி, என்ன விளையுது, என்ன திங்கிறாங்க, எவ்வளவு கடன்னு கணக்கெடுத்தாங்க. ரிப்போர்ட் 1931-ல புத்தகமா வந்துச்சு."

பையன் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டான். "அப்ப அந்த மாணவர்கள்தான் இன்டர்ன்ஸ்" என்றான்.

"ஆமா. ஆனா மாசம் இருபத்தஞ்சாயிரம் கிடையாது."

மறுநாள் காலையில் முதல் 'டெஸ்ட்' எனக்கே. ஒத்திகையாம். போனைக் கையில் கொடுத்து, ஏழாம் வகுப்புக் கணக்குப் பாடத்தைத் திறக்கச் சொன்னான்.

"மாமா, ஒண்ணே ஒண்ணு. செய்யும்போது மனசுல என்ன நினைக்கிறீங்களோ அதைச் சத்தமாச் சொல்லிக்கிட்டே செய்யணும்."

"மாப்ள, மனசுல நினைக்கிறதைச் சத்தமாச் சொல்ற ஆளா இருந்திருந்தா நான் இத்தனை வருஷம் ஆபீஸ்ல இருந்திருக்க முடியுமா?"

திறந்தேன். பச்சைக் கிளி ஒன்று கை தட்டியது. ஒரு பக்கமாகச் சின்னத் தீபம் எரிந்தது. தினமும் பாடத்தை முடித்தால் தீபத்துக்குப் பக்கத்தில் நம்பர் ஏறும். ஒரு நாள் விட்டால் தீபம் அணைந்து மறுபடி ஒன்றிலிருந்து. கார்த்திகை தீபத்துக்கே வருஷத்தில் ஒரு நாள்தானே ஏற்றுகிறோம் என்று தோன்றியது. அதைச் சத்தமாகச் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டான்!

கம்பெனியில் அவனிடம் ஒரு லிஸ்ட் கொடுத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் இந்த ஆப்பை வைத்திருக்கிற குடும்பங்களில், பேச சம்மதித்த ஐந்து வீடு. ஐந்தே ஐந்தா என்றேன். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் இருக்கிற யாகோப் நீல்சன் என்பவர் 2000-ல் எழுதினாராம்: ஐந்து பேரை உட்காரவைத்துப் பார்த்தாலே பெரும்பாலான கோளாறு தெரிந்துவிடும், அதற்கு மேல் பார்த்ததையே பார்த்துக்கொண்டிருப்போம் என்று. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு போதும் என்கிற ஊரில் ஐந்து சோறு தாராளம்.

ஒவ்வொரு வீட்டுக்கும் நேராகப் பார்க்க வேண்டிய விதத்தில் ஒரு குறிப்பும் இருந்தது. ஒருவனுக்கு 'மிகச் சிறந்த ஈடுபாடு'. இன்னொருவருக்குச் சிவப்பு மை: 'யோசிக்காமல் அமுக்குகிறார் அல்லது காப்பி'.

சிறந்த ஈடுபாட்டுக்காரன் வீட்டுக்கு முதலில் போனோம். மந்தைக்குப் பக்கத்துச் சந்தில் வீடு. திண்ணையில் ஒரு போன், அதைச் சுற்றி ஐந்து பையன்கள். போன் எவன் வீட்டுடையதோ அவன் கையில். மற்ற நாலு பேரும் தலையை நீட்டிக்கொண்டு, "பி-யை அமுக்குடா! டேய், பி-டா!" என்று கத்துகிறார்கள். போன்காரன் எல்லா விடையையும் சரியாக அமுக்குகிறான். கிளி கை தட்டுகிறது. தீபம் 41.

"இவன்தான் கெட்டிக்காரன்" என்றேன் மெதுவாக.

மருமகன் பதில் சொல்லாமல் கண்ணால் காட்டினான். போன்காரனுக்கு நேர் எதிரே, இடம் கிடைக்காமல் உட்கார்ந்திருந்த பொடிப்பயல் ஒருத்தன்தான் விடை சொல்லிக்கொண்டிருந்தான். அவன் பக்கமிருந்து பார்த்தால் எழுத்தெல்லாம் தலைகீழ். தினமும் அங்கேயே உட்கார்ந்து, தலைகீழாகப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டான்! கம்பெனிக் கணக்கில் அவன் பெயரே கிடையாது.

"ஏம்ப்பா, போனை அவன்ட்டக் குடுத்தா என்ன?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவ்வளவுதான். வெளியே வந்ததும் எனக்கு அர்ச்சனை. "மாமா, நீங்க பேசினா அப்புறம் நான் உங்களைத்தான் ஆராய்ச்சி பண்ணேன்னு எழுதணும்." அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் நான் வாசற்படிக்கு வெளியே என்று சட்டம் போட்டான். சொந்த ஊரில் எனக்கு இந்தக் கதி.

ராத்திரி மொட்டைமாடியில் பாய் போட்டுப் படுத்தபோது, இது புதுசில்லை என்றான். பெங்களூரில் மைக்ரோசாப்ட்காரர்கள் 2005-ல் ஓர் ஆராய்ச்சிக்கூடம் தொடங்கினார்கள். கென்டாரோ டொயாமா என்பவர் அதில் ஒரு தலை. ஜோயோஜீத் பால் என்கிற ஆராய்ச்சி மாணவர் கிராமத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பார்த்தால், ஒவ்வொரு கம்ப்யூட்டர் முன்னாலும் பிள்ளைகள் கும்பல். மவுஸ் மட்டும் ஒரே கையில். பலசாலி கையில், பெரிய வீட்டுப் பிள்ளை கையில். மற்றவர்கள் சினிமா பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுக்க ஏது பணம்? மவுஸ் மலிவுதானே! உதய் சிங் பவார் என்பவரும் சேர்ந்து, ஒரே கம்ப்யூட்டரில் ஐந்து மவுஸை மாட்டி, திரையில் ஐந்து கலரில் ஐந்து அம்பு ஓடவிட்டார்கள்.

"பலே!"

"இருங்க மாமா. போட்டி வெச்சாங்க, யாரு முதல்ல அமுக்குறாங்கன்னு. பசங்க கேள்வியைப் படிக்கிறதையே விட்டுட்டு, சகட்டுமேனிக்கு அமுக்க ஆரம்பிச்சுட்டாங்க. அப்புறம் விதியை மாத்தினாங்க. எல்லாரும் சரியான விடைக்கு வந்தாத்தான் அடுத்த கேள்வி. உடனே தெரிஞ்சவன் தெரியாதவனுக்குச் சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சுட்டான்."

இதை 2006-லும் 2007-லும் கட்டுரையாக வெளியிட்டார்களாம். ஆனால் அதே டொயாமா 2015-ல் எழுதிய புத்தகத்தில், கருவி என்பது இருப்பதைப் பெருக்கிக் காட்டுமே தவிர இல்லாததை உண்டாக்கிவிடாது என்று கைவிரித்துவிட்டார் என்றான். எனக்கு மேலூர் ஞாபகம் வந்தது. 2001-ல் சென்னை ஐ.ஐ.டி.யும் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் சேர்ந்து, மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கம்பியில்லா இணைப்பு கொடுத்து இன்டர்நெட் மையங்கள் திறந்தார்கள். உள்ளூர் ஆட்கள் கடன் வாங்கி நடத்தினார்கள். சில வருஷத்தில் பெரும்பாலானவை மூடிவிட்டன. மூடியதற்கும் ஆராய்ச்சிக் கட்டுரை வந்தது. எங்கள் மதுரை ஜில்லாவுக்கு ஹார்வர்டே வந்து போயிருக்கிறது, நீ என்ன பெரிய இது என்று சொல்லலாமா என்று பார்த்தேன். பையன் அசந்து தூங்கிவிட்டான்.

மூன்றாவது வீடு, நான்காவது வீடு பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒன்றில் ஆப் இருந்தது, பையன் இல்லை; விருதுநகரில் சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிறானாம். இன்னொன்றில் அம்மா எங்களை இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் என்று நினைத்துக் காப்பி கொடுத்து, எதற்கும் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஐந்தாவதுதான் சிவப்பு மை.

ஏழாம் வகுப்புப் படிக்கிற பெண். அப்பா சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். மக்காச்சோள மூட்டை ஏற்றிக்கொண்டு காலையில் போனால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் வருவார். வீட்டில் ஒரே போன், அது அவர் சட்டைப் பையில். லோடு அந்தப் போனில்தான் வரும். 2018-லிருந்து நம் பாடப் புத்தகங்களில் கியூஆர் கோடு அச்சடித்து வருகிறதல்லவா? அந்த வீட்டில் புத்தகம் பிள்ளையோடு பள்ளிக்கூடம் போகிறது, போன் அப்பாவோடு லோடுக்குப் போகிறது. இரண்டும் சந்திப்பது ராத்திரி ஒன்பது மணிக்கு மேல். அதுவும் அப்பா குளித்துச் சாப்பிட்டு முடிக்கிற பத்து நிமிஷம். அதற்குப் பிறகு அண்ணன்காரன் கிரிக்கெட் பார்க்க வாங்கிவிடுவான்.

"இந்தாம்மா, நீ தினம் எப்படிச் செய்வியோ அப்படியே செய். நான் இல்லைன்னு நினைச்சுக்க" என்றான் மருமகன். நான் வாசலில் செருப்புகளோடு செருப்பாக நின்றுகொண்டு எட்டிப் பார்த்தேன்.

அந்தப் பெண் போனை வாங்கினாள். ஆப்பைத் திறந்தாள். பத்துக் கணக்கு வந்தது. ஒன்றையும் தொடவில்லை. நேரே எழுந்து போய்ச் சுவரில் ஆணியில் கோத்து வைத்திருந்த தினசரிக் காலண்டர் தாள்களில் ஒன்றை உருவிக்கொண்டு வந்து, பின்பக்கத்தில் பத்துக் கணக்கையும் கடகடவென்று எழுதினாள். ஆப்பை மூடினாள். போனை அண்ணனிடம் கொடுத்தாள். அவ்வளவுதான், இன்றைய படிப்பு முடிந்தது!

மருமகன் வாயைத் திறக்கக் கூடாது என்ற சட்டத்தைத் தானே மீறி, "ஏம்மா, விடை?" என்றான்.

"நாளைக்கு ஸ்கூல்ல இன்ட்ரவல்ல போடுவேன்ண்ணே. மத்தியானம் சாப்பாட்டு மணிக்குச் சரிபார்ப்பேன். நாளைக்கு நைட்டு அமுக்கிருவேன்."

மறுநாள் ராத்திரியும் போனோம். சொன்னபடியே செய்தாள். காலண்டர் தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு, டக் டக் டக்கென்று பத்து விடை. மணி பார்த்தேன். இரண்டு நிமிஷம் ஆகவில்லை. பத்தும் சரி.

கிளி கை தட்டவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு வாசகம் காட்டியது: 'மிக வேகமாக இருக்கிறதே! நீயே யோசித்துத்தான் விடை சொன்னாயா?' தீபத்துக்குப் பக்கத்தில் 1. முதல் நாள் திறந்து மூடுகிறாள், அது கணக்கில் வராது. மறுநாள் முடிக்கிறாள், ஒன்று. அடுத்த நாள் திறந்து மூடுகிறாள், அணைந்துவிடும். இந்த ஜென்மத்தில் அவளுக்கு 2 வராது. அணைகிற நாளெல்லாம் அப்பா போனுக்கு ஒரு செய்தி வேறு வரும்: 'எங்களை மறந்துவிட்டாயா? உன் தீபம் அழுகிறது.'

"இது என்னைத் திட்டிக்கிட்டே இருக்குண்ணே" என்றாள். குறையாகக்கூடச் சொல்லவில்லை. சில வாத்தியார்கள் அப்படித்தான் என்பதுபோல் சொன்னாள்.

தலையணைக்கடியிலிருந்து ஒரு கட்டுக் காலண்டர் தாளை எடுத்துக் காட்டினாள். ஒரு பக்கம் ராகு காலம், எமகண்டம், சுபமுகூர்த்தம். மறுபக்கம் பின்னம், சதவீதம், வட்டத்தின் சுற்றளவு. அடித்து, திருத்தி, மறுபடி போட்டு. இந்த ஊரிலேயே அந்த ஆப்பை அவ்வளவு ஒழுங்காக வேறு யாரும் படிக்கவில்லை. கம்பெனி அவள் பெயருக்கு எதிரேதான் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது.

திரும்பி வரும்போது மருமகன் பேசவே இல்லை. வீட்டில் சாப்பாடும் சரியாகச் சாப்பிடவில்லை. என் மனைவி, "பிள்ளைக்கு வெஞ்சனம் பிடிக்கலையோ" என்று கவலைப்பட்டாள். மொட்டைமாடியில்தான் விஷயம் வெளியே வந்தது.

"மாமா, அந்தத் தீபம் இருக்குல்ல? அதை டிசைன் பண்ணதே எங்க மேனேஜர். கம்பெனியில அதுக்காக அவங்களுக்குப் பாராட்டு விழா எல்லாம் நடந்துச்சு. நான் அதைத்தான் தப்புன்னு எழுதணும். எனக்கு வேலை குடுக்கறதா வேணாமான்னு முடிவு பண்றதும் அவங்கதான்."

இந்த இடத்தில் ஒரு மாமன் என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் சொன்னது இது:

"மறைக்க வேணாம் மாப்ள. கடைசிப் பக்கத்துல போடு. பின்குறிப்பா, சின்ன எழுத்துல. 'ஒரு சில இடங்களில் மேலும் ஆராய வாய்ப்புள்ளது'ன்னு. நாளைக்கு யாராவது கேட்டா, நான்தான் எழுதியிருக்கேனேன்னு சொல்லிக்கலாம். நாங்கள்லாம் அப்படித்தான் போடுவோம்."

அவன் கொஞ்ச நேரம் நட்சத்திரம் பார்த்தான். அப்புறம் கேட்டான்: "மாமா, உங்க ஆபீஸ்ல ஒரு ஃபாரம் நீங்களே தயார் பண்ணதுன்னு பெருமையாச் சொல்வீங்களே, நாலு பக்கம். அதை யாராவது உக்காந்து நிரப்புறதை நீங்க பாத்திருக்கீங்களா?"

தூக்கம் வருகிறது என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அந்த ஃபாரத்தை 2009-ல் நான்தான் எழுதினேன். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள், பென்ஷன் வாங்க வேண்டியிருக்கிறது. வருகிற ஃபாரங்களில் பாதி 11-ஆம் கலத்தில் தப்பாக இருக்கும். திருப்பி அனுப்புவோம். 'படிச்சுப் பாக்காமலே எழுதுறாய்ங்கப்பா' என்று கவுன்டருக்கு உள்ளே எங்களுக்குள் பேசிக்கொள்வோம். இத்தனை வருஷத்தில் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நான் உட்கார்ந்ததில்லை.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் டீ டம்ளரும் கையுமாக வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர். சாப்டூர்ப் பக்கத்து ஆள். மடியில் என் ஃபாரம். முதல் பத்துக் கலமும் நிதானமாக, அழகாக எழுதிவிட்டார். பதினொன்றில் பேனா நின்றது. முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு பார்த்தார். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இந்த 'மேற்படி நபருக்கும் மேற்படியாருக்கும் உள்ள உறவு'ங்குறதுல, மேற்படின்னா யாரு, மேற்படியாருன்னா யாரு?"

வாங்கிப் படித்தேன். மறுபடி படித்தேன். மேலே மூன்று பேர் பெயர் இருக்கிறது. மேற்படி அதில் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். எழுதிய எனக்கே தெரியவில்லை! அவர் காத்திருந்து பார்த்துவிட்டு, "உங்களுக்கும் எழுதப் படிக்கத் தெரியாதோ, பரவால்ல விடுங்க" என்று ஆறுதல் சொல்லிவிட்டு, வாசலில் மனு எழுதுகிறவரிடம் போய் நாற்பது ரூபாய் கொடுத்து நிரப்பிக்கொண்டார்.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது மருமகன் ரிப்போர்ட்டை எழுதி முடித்திருந்தான். பின்குறிப்பெல்லாம் இல்லை. முதல் பக்கத்தில் ஒரே ஒரு போட்டோ. அந்தப் பெண்ணிடமும் அவள் அப்பாவிடமும் கேட்டு எடுத்தது. முகம் கிடையாது. காலண்டர் தாள் மட்டும். அதற்குக் கீழே இரண்டு வரி: இவர் இதற்குச் செலவிட்ட நேரம் முப்பது நிமிஷத்துக்கு மேல். அதில் நம் ஆப் பார்த்தது இரண்டு நிமிஷம்.

வெள்ளிக்கிழமை வீடியோவில் கூட்டம். எங்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பது மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும். துவைத்த துணிகளுக்கு நடுவே நின்றுகொண்டு பையன் பேசினான். நான் படிக்கட்டில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்டேன். போட்டோ காட்டியதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன்.

மேனேஜர் அம்மாள்தான் முதலில் பேசினார். "இப்படி எத்தனை பேர் இருப்பாங்க? ஒருத்தரை வெச்சு நாம எதையும் மாத்த முடியாது."

நியாயமான கேள்விதான். நானாக இருந்தால் அந்த இடத்தில் 'மேலும் ஆராய வாய்ப்புள்ளது' என்று இறங்கியிருப்பேன்.

"நான் பார்த்தது ஒருத்தரைத்தான் மேடம். மீதிப் பேர் எத்தனைன்னு உங்க கம்ப்யூட்டர்லயே இருக்கு. சந்தேக லிஸ்ட்டைத் திறந்து, முதல் நாள் தொடாம மூடிட்டு, மறுநாள் எல்லாத்தையும் சரியாப் போட்டவங்க எத்தனை பேருன்னு எண்ணிப் பார்க்கச் சொல்லுங்க."

எண்ணினார்களாம். எத்தனை என்று இவனுக்குச் சொல்லவில்லை.

இன்டர்ன்ஷிப் முடிந்ததும் வேலைக் கடிதம் வந்தது. இவனுக்கு அல்ல; கூட இருந்த இன்னொரு இன்டர்னுக்கு. அவர் ஆறு மாதமும் கிளிக்கு எந்தப் பச்சை பொருத்தம் என்று ஆராய்ச்சி செய்தவர். அக்கா என்னைக் கூப்பிட்டு, "உன் வீட்டுல இருந்து என்னடா எழுதினான்?" என்று கேட்டாள். இப்போது பையன் கோயம்புத்தூரில், ஆஸ்பத்திரிகளுக்கு டோக்கன் மெஷின் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் இருக்கிறான். முதல் மூன்று வாரம் ஓர் ஆஸ்பத்திரி வராண்டாவில் நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தானாம். அக்காவுக்கு அதில் வேறு கவலை, ஏதாவது ஒட்டிக்கொள்ளுமே என்று. நான் 11-ஆம் கலத்தை மாற்றச் சொல்லி ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பியிருக்கிறேன். ஃபைல் 'பரிசீலனையில்' இருக்கிறது. எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும், நானே பல ஃபைல்களை அங்கே வைத்திருக்கிறேன்.

பள்ளிக்கூடம் திறந்த சமயம் அந்தப் பெண்ணை மளிகைக் கடையில் பார்த்தேன். எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள். கையில் அரைக் கிலோ துவரம்பருப்பு.

"மாமா, அந்த அண்ணன்ட்டச் சொல்லுங்க. இப்ப அந்த ஆப்பு தீபம் அழுவுதுன்னு மெசேஜ் அனுப்பறதில்ல. 'நேரம் கிடைக்கும்போது வா'ன்னு அனுப்புது."

"அட! நல்லதாப் போச்சே தாயி."

"ஆனா ரெண்டு நிமிசத்துல முடிச்சா இன்னமும் சந்தேகப்படுது."

யோசித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொன்னேன். "அப்ப ஒண்ணு பண்ணு. வேணும்னே மெதுவா அமுக்கு. பத்து நிமிசம் எடுத்துக்க."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"பத்து நிமிசத்துல அப்பா சாப்ட்டு எந்திரிச்சிருவாரே மாமா. அப்புறம் அடுத்த பத்துக் கணக்கை எப்ப எழுதிக்கிறது?"